டேக், ஆம்ப் வாங்கினா சவுண்ட் நிஜமாவே மாறுமா? வாங்குறதுக்கு முன்னாடி இத பாத்துடுங்க

வணக்கம் மக்களே! புதுசா ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப சொருகி பாட்ட போட்டதும் "அட, இந்த பேஸ் இத்தன நாளா எங்க இருந்துச்சு"ன்னு தோணும்ல? அந்த ஃபீலிங்ல பெரும்பங்கு எதுனால வருதுன்னா, வால்யூம். வெறும் வால்யூம்தாங்க. எப்படின்னு இந்த வீடியோல பாத்துடலாம். ஆம்ப் உண்மையிலேயே தேவைப்படுற எடமும் இருக்கு, அதனால ஏற்கனவே வாங்கி வச்சிருக்கவங்க கோவிச்சுக்காம கடைசி வரைக்கும் பாருங்க.

பேக்ரவுண்ட வேகமா முடிச்சிடறேன். டேக்ங்கறது ஃபைல்ல இருக்கற நம்பர்கள மின் சிக்னலா மாத்தும், ஆம்ப் அந்த சிக்னலுக்கு ஹெட்ஃபோன ஓட்டுற அளவுக்கு பவர் குடுக்கும். இந்த ரெண்டுமே உங்க லேப்டாப்ல, போன்ல, ஹெட்ஃபோன் சொருகறதுக்கு போன்ல மாட்டுற அந்த குட்டி யுஎஸ்பி சி டாங்கிள் பெரும்பாலானதுலயும் ஏற்கனவே இருக்கு. அவ்ளோதான்.

இப்ப மேட்டருக்கு வருவோம். நம்ம காது எல்லா சத்தத்தையும் ஒரே மாதிரி கேக்கறதில்ல. 1933லயே பெல் லேப்ஸ்ல ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் இத அளந்து வெளியிட்டாங்க: சத்தம் கம்மியா இருக்கும்போது பேஸ் நமக்கு ரொம்ப மெலிசா கேக்கும், சத்தத்த ஏத்த ஏத்த பேஸ் மத்ததவிட வேகமா மேல வரும். அதாவது பாட்டுல ஒண்ணுமே மாறல, வால்யூம் மட்டும் கொஞ்சம் ஏறிச்சு, ஆனா உங்களுக்கு பேஸ் நல்லா இறங்கி அடிக்குது, பின்னாடி இருக்கற சின்ன சின்ன வாத்தியம்லாம் தெளிவா கேக்குது. எனக்கு ஆடியோலயே ரொம்ப பிடிச்ச விஷயம் இதுதான். இன்னும் சூப்பர் என்னன்னா, வித்தியாசம் அரை டெசிபல் அளவுக்குதான் இருக்குன்னா "சத்தம் ஜாஸ்தி"ன்னு உங்களுக்கு தோணவே தோணாது, "குவாலிட்டி நல்லா இருக்கு"ன்னுதான் தோணும்! ரெண்டு டிவைஸ மாத்தி மாத்தி கேட்டு தீர்ப்பு சொல்ற ரிவ்யூல, வால்யூம எப்படி மேட்ச் பண்ணாங்கன்னு சொல்லலேன்னா அந்த தீர்ப்ப நான் கணக்குலயே எடுக்க மாட்டேன்.

சரி, எப்படி மேட்ச் பண்றது? காதால முடியாது, மல்டிமீட்டர் வேணும். 50 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ண ப்ளே பண்ணுங்க, ஏன் 50ன்னா சாதாரண மீட்டர் அந்த ரேஞ்சுலதான் ஏசி வோல்டேஜ ஒழுங்கா காட்டும். ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு, ஹெட்ஃபோன் சொருகியிருக்கும்போதே இன்னொரு பக்கம் வோல்டேஜ அளங்க, ஹெட்ஃபோன கழட்டிட்டு அளந்தா ரீடிங் வேற வரும். ஒண்ணுல 1 வோல்ட் வந்தா இன்னொன்னும் 1.01 வோல்ட்டுக்குள்ள இருக்கணும், அப்பதான் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள்ள நிக்கும். 1.1 வோல்ட்னு விட்டீங்கன்னா அதுவே 0.8 டெசிபல், டெஸ்டே வேஸ்ட். அப்புறம் எது ஓடுதுன்னு உங்களுக்கு தெரியாம ஒரு ஃப்ரெண்டு மாத்தி மாத்தி போடணும், நீங்க கண்டுபிடிச்சு சொல்லணும். நல்லா டிசைன் பண்ண ரெண்டு டேக்க வச்சு இத செஞ்சு பாருங்க, கண்டுபிடிக்கறது எவ்ளோ கஷ்டம்னு புரியும்.

ஹை ரெசல்யூஷன், அதாவது சிடிய விட ஜாஸ்தி டேட்டாவோட வர்ற பாட்டு, அதோட கதையும் இதேதான். 2007ல மேயர், மோரன்னு ரெண்டு பேர் ஒரு பேப்பர் போட்டாங்க, ஹை ரெஸ் டிஸ்க்கோட சிக்னல ஒரு தடவ அப்படியேயும், ஒரு தடவ 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது சிடி குவாலிட்டிக்கு இறக்கியும் கேக்க விட்டாங்க. 554 முயற்சில 276 சரி. பாதிக்கு பாதி, காசு சுண்டினா வர்ற ரிசல்ட்.

அப்போ ஆம்பே வேணாமா? வேணும், சில எடத்துல கண்டிப்பா வேணும்.

வால்யூம ஃபுல்லா வச்சும் சத்தம் பத்தலேன்னா வேணும். இங்க எல்லாரும் ஓம்ஸ, அதாவது ஹெட்ஃபோன் கரண்ட தடுக்கற அளவ (இம்பீடன்ஸ்) மட்டும் பாத்து பயப்படறாங்க, சென்சிடிவிட்டிய, அதாவது 1 மில்லிவாட் பவருக்கு எவ்ளோ சத்தம் குடுக்கும்ங்கறத பாக்கறதே இல்ல. சென்ஹைசரோட எச்டி 600ங்கற ஹெட்ஃபோன் 300 ஓம்ஸ், ஹைஃபைமேனோட எச்இ 6ங்கற ஹெட்ஃபோன் வெறும் 50 ஓம்ஸ், ஆனா கஷ்டப்படுத்தறது எச்இ 6தான், ஏன்னா அதோட சென்சிடிவிட்டி 83.5 டெசிபல். 110 டெசிபல் பீக் வேணும்னா கிட்டத்தட்ட 450 மில்லிவாட் கேக்கும். 1 வோல்ட் டாங்கிள் அதுக்கு 20 மில்லிவாட்தான் குடுக்கும்!

லேப்டாப் ஜாக்ல மவுஸ நகத்தும்போது கிர்ர்னு சத்தம் வருதா, வெளிய ஒரு யுஎஸ்பி டாங்கிள் போடுங்க, பெரும்பாலும் போயிடும்.

அப்புறம் யாரும் கவனிக்காத ஒண்ணு, அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது நீங்க ஹெட்ஃபோன் சொருகற ஜாக்கோட சொந்த ஓம்ஸ். பேலன்ஸ்ட் ஆர்மேச்சர்னு ஒரு வகை குட்டி ஸ்பீக்கர் இருக்கற இயர்ஃபோன்ல இம்பீடன்ஸ் ஃப்ரீக்வன்சிக்கு ஃப்ரீக்வன்சி மாறும். ஒரு எடத்துல 10 ஓம்ஸ், இன்னொரு எடத்துல 40 ஓம்ஸ்னு வச்சுக்கோங்க. ஜாக்கோட இம்பீடன்ஸ் 1 ஓம்னா அந்த ரெண்டு எடத்துக்கும் நடுவுல சத்தத்துல வர்ற வித்தியாசம் 0.6 டெசிபல்தான், அதே 20 ஓம்ஸ்னா 6 டெசிபல். பாட்டோட டோனே மாறிடும், இத யார் வேணா கேட்டு சொல்லிடலாம். டேக் சிப் பேர பாத்து வாங்கறத விட ஸ்பெக் ஷீட்ல இந்த ஒரு நம்பர தேடுங்க.

ப்ளூடூத் ஹெட்ஃபோன்காரங்களுக்கு ஒரே வரி: உங்க டேக்கும் ஆம்பும் அந்த ஹெட்ஃபோனுக்குள்ளயே இருக்கு, தனியா வாங்கி போன்ல சொருகினாலும் ப்ளூடூத்துல கேக்கறவர அது சவுண்ட தொடவே தொடாது.

என்கிட்ட கேட்டா காச முதல்ல ஹெட்ஃபோன்லயே போடுங்க, அடுத்து ஃப்ரீயா கிடைக்கற ஈக்வலைசர கத்துக்கோங்க, சத்தம் பத்தலேன்னா அப்புறம் ஆம்ப பத்தி யோசிங்க. உங்க ஹெட்ஃபோன் மாடல், எதுல சொருகி கேக்கறீங்க, வால்யூம் எத்தன பர்சன்ட்ல வைக்கறீங்க, இந்த மூணையும் கமெண்ட்ல போடுங்க, ஆம்ப் தேவையா இல்லையான்னு கணக்கு போட்டு ரிப்ளை பண்றேன்.