ரகசியம் யாருக்காக?

(மன்னார்குடியில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, அய்யாமார்களே, வணக்கம்.

குறுவை நடவை ஒருநாள் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்களில் பலர் வீட்டில் மகள்தான் முதல் பட்டதாரி. அவளுடைய இன்டர்னல் மதிப்பெண்ணும் ரெக்கார்டு நோட்டுக் கையெழுத்தும் ஒரு ஆசிரியர் கையில் இருக்கின்றன. ஆராய்ச்சி மாணவி என்றால் ஐந்தாறு வருட உழைப்பே ஒரு கைடின் கையெழுத்தை நம்பி நிற்கும். அந்த மனிதரே பாலியல் ரீதியாகத் தப்பாக நடந்தால் அவள் யாரிடம் போவாள்?

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் எம்.ஏ. மாணவி ஒருத்தி புகார் எழுதிக் கொடுத்தாள். மறுநாளே அவள் அப்பாவை வரவழைத்துவிட்டார்கள். காபி கொடுத்து, "பொண்ணு வாழ்க்கைதானே முக்கியம், வெளியே தெரிஞ்சா யார் கட்டிப்பா?" என்று இதமாகப் பேசினார்கள். துண்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் தலையாட்டினார். புகார் வாபஸ். அந்த ஆசிரியர் 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகினார். நன்னடத்தை என்று போட்ட அனுபவச் சான்றிதழோடு அடுத்த வருடம் இன்னொரு கல்லூரியில் பாடம் எடுத்தார். அங்கேயும் பெண் பிள்ளைகள் படித்தார்கள். அன்றைக்கு நானும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இன்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறேன்.

2013-இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகளும் இதற்கெல்லாம் வழி சொல்லியிருக்கின்றன. இந்தப் புகார்களை விசாரிக்கக் கல்லூரிக்குள்ளேயே இருக்க வேண்டிய உள்ளகப் புகார்க் குழுவில் துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் யாரும் உறுப்பினராக இருக்கக் கூடாது. வெளி ஆள் ஒருவர் இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்டது என்றால் மாணவப் பிரதிநிதிகள் மூன்று பேர். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். சமரசம் என்பது புகார் கொடுத்தவளே கேட்டால் மட்டும்தான், அதிலும் பணம் பேசக் கூடாது. விசாரணை முடியும்வரை அந்த ஆசிரியர் தன் பேப்பரைத் திருத்தக் கூடாது என்று அவள் கேட்கலாம்.

"ரகசியம் காக்கச் சட்டமே சொல்கிறதே" என்பார்கள். சரி, சொல்கிறது. அந்த 2013 சட்டத்தின் 16-ஆம் பிரிவு. அவள் பெயர் வெளியே வராமல் இருக்கத்தான் முக்கியமாக அந்தப் பிரிவு. அவளுக்குக் கிடைத்த நியாயத்தை, அவளுடைய அடையாளமோ சாட்சிகளுடைய அடையாளமோ தெரியாமல் வெளியே சொல்லலாம் என்று அதே பிரிவு அனுமதிக்கிறது. அந்த வரியை மட்டும் நிர்வாகங்கள் படித்துக் காட்டுவதே இல்லை.

ஆகவே கட்டணம் கட்டும்போதே கேளுங்கள்: குழுவில் யார் யார், போன வருடம் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது? "ஒன்றுகூட இல்லை" என்றால் நிம்மதியாகத் திரும்பி வந்துவிடாதீர்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மதகுவரை நடந்துபோய் அடைப்பைப் பார்க்கிறவர்கள் நாம். இதையும் அப்படியே விசாரியுங்கள்.

அப்புறம், பொங்கல் லீவுக்கு வந்த மகள் "திரும்பப் போகமாட்டேன்" என்றால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். புகாருக்குக் கெடு மூன்று மாதம், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் மூன்று மாதம். அவள் சம்மதித்தால் அன்றைக்கே எழுதுங்கள். கொண்டுபோய்க் கொடுக்கும்போது நகலில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள்.