செவ்வாய் சாயங்காலத்துக்கு ஒரு தட்டு கிங் ரான்ச் சிக்கன்

வணக்கம், எல்லோரும் நன்றாக இருக்கிறீர்களா? இன்று திங்கட்கிழமை, ராத்திரி மணி ஒன்பதரை, பிள்ளைகள் இரண்டு பேரும் இப்போதுதான் தூங்கினார்கள், அதனால் குரலைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் பேசுவேன், நீங்கள் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். நாளை சாயங்காலம் சாப்பிடப்போவதை இப்போதே அடுக்கி ஃப்ரிட்ஜில் வைக்கப்போகிறேன்.

ஏன் ராத்திரியில் இந்த வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி நர்ஸ். செவ்வாயும் வியாழனும் நைட் ஷிஃப்ட், ஏழு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும், வீட்டிலிருந்து ஆறே காலுக்குக் கிளம்பியாக வேண்டும். எனக்கு ஐந்து மணிக்கு வேலை முடிகிறது. இடையில் இருக்கிற அந்த ஒன்றே கால் மணி நேரம்தான் நாங்கள் நாலு பேரும் ஒரே மேஜையில் உட்காரக் கிடைக்கிற நேரம். ஐந்து மணிக்கு மேல் வெங்காயம் அரிய ஆரம்பித்தால் அவர்கள் சாப்பிடும்போது நான் அடுப்படியில் நிற்பேன். அது வேண்டாம் என்றுதான் இந்தக் கேசரோல்.

நம் ஊரில் கேசரோல் என்றால் சப்பாத்தி சூடு ஆறாமல் வைக்கிற ஹாட் பாக்ஸ். இங்கே அது ஆழமான தட்டில் அடுக்கி ஓவனில் வேகவைத்து, அதே தட்டோடு மேஜைக்கு வருகிற சாப்பாடு. நாங்கள் இருப்பது அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ. டெக்ஸாஸில் வாரநாள் கேசரோல் என்று யாரைக் கேட்டாலும் கிங் ரான்ச் சிக்கன் என்றுதான் சொல்வார்கள். கிங் ரான்ச் என்பது தெற்கு டெக்ஸாஸில் 1853-இல் ஆரம்பித்த மாட்டுப் பண்ணை, ஏறத்தாழ 8,25,000 ஏக்கர். அந்தப் பண்ணையில்தான் இது பிறந்தது என்று யாரும் நிரூபித்ததில்லை, பண்ணை மாட்டுக்குப் பேர்போனது, இந்தத் தட்டில் இருப்பதோ கோழி. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சரி, ஆரம்பிக்கலாம். இது கடையில் சுட்டு வைத்திருக்கிற முழுக்கோழி. அலுவலக வேலையோடு கோழியை வேகவைத்து உதிர்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இதை வாங்குவதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. கை பொறுக்கிற சூட்டில் பிய்த்தால் சுலபமாக வரும், ஆறிவிட்டால் எலும்பைப் பிடித்துக்கொள்ளும். மூன்று கப் போதும். தோலை எடுத்துவிடுங்கள்.

குழம்புக்கு இங்கே பல வீடுகளில் இரண்டு டப்பா கிரீம் சூப்பை அப்படியே ஊற்றிவிடுவார்கள், ஒன்று காளான், ஒன்று சிக்கன். தப்பே இல்லை, இந்த உணவு பரவியதே அந்த டப்பாக்களால்தான். ஆனால் எங்கள் வீட்டுக்கு அதில் உப்பு அதிகம், நானே செய்துகொள்கிறேன், எட்டு நிமிஷ வேலை. மூன்று மேசைக்கரண்டி வெண்ணெயில் ஒரு வெங்காயம், ஒரு குடைமிளகாய், நாலு பல் பூண்டு, எல்லாம் வதங்கியதும் மூன்று மேசைக்கரண்டி மைதா. மைதாவின் பச்சை வாடை போகிற வரைக்கும் கிளறுங்கள், பொறுமையாக, இங்கே அவசரப்பட்டால் கடைசி வாய் வரைக்கும் மாவு வாடை வரும். அப்புறம் ஒன்றரை கப் சிக்கன் ஸ்டாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக. கெட்டியானதும் அடுப்பை அணைத்துவிட்டு அரை கப் சோர் கிரீம், அதாவது புளித்த கிரீம். அடுப்பு எரியும்போதே போட்டால் திரிந்துவிடும்.

இதில் ஒரு டப்பா ரோ-டெல், சாறோடு. தக்காளியும் பச்சை மிளகாயும் சேர்த்து அடைத்தது. 1943-இல் கார்ல் ரோட்டல் என்பவர் ரியோ கிராண்டே ஆற்றுப் பக்கம் எல்சா என்கிற சின்ன ஊரில் தொடங்கிய டப்பா இது, இன்றைக்கு டெக்ஸாஸில் இது இல்லாத அலமாரியைப் பார்ப்பது கஷ்டம்.

இப்போது இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். சமையல் குறிப்புகளில் சில்லி பவுடர் இரண்டு மேசைக்கரண்டி என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு நம் டப்பாவில் இருக்கிற குண்டூர் மிளகாய்த்தூளை இரண்டு மேசைக்கரண்டி அள்ளிப் போட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் வாயில் வைக்க முடியாது. இங்கே சில்லி பவுடர் என்பது கலவை. காரம் குறைந்த காய்ந்த மிளகாய், சீரகம், ஆரிகனோ, பூண்டு எல்லாம் சேர்ந்தது. 1890-களில் வில்லியம் கெப்ஹார்ட் என்கிற ஜெர்மன் குடியேறி இங்கே பக்கத்தில் நியூ ப்ரான்ஃபெல்ஸ் ஊரில் அரைத்து விற்க ஆரம்பித்தார். மிளகாய் கிடைக்காத மாதங்களிலும் சில்லி என்கிற காரமான இறைச்சிக் குழம்பு செய்ய வேண்டும் என்பதற்காக வந்த பொடி. அது கைவசம் இல்லையென்றால் காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் ஒன்றரைத் தேக்கரண்டி, கொஞ்சம் ஆரிகனோ. கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்துவிடும்.

சீரகம் என்றதும் நமக்கு ஒரு சொந்தம் வருகிறது, இல்லையா? மெக்ஸிகோவின் உள்பகுதிச் சமையலைவிட டெக்ஸாஸ் பக்கத்துச் சமையலில் சீரகம் தூக்கலாக இருக்கும். 1731-இல் கேனரி தீவுகளிலிருந்து சான் அன்டோனியோவுக்குக் குடியேறிய குடும்பங்கள் கொண்டுவந்த ருசி அது என்று இங்கே சொல்வார்கள். இதோ பாருங்கள், வெறும் கடாயில் போட்டிருக்கிறேன், நிறம் மாறுகிறது, வாசம் வந்துவிட்டது, இறக்கியாயிற்று. இந்த வாசம் எனக்குப் பாட்டி வீட்டு ரசத்தை நினைவுபடுத்தும், பக்கத்து வீட்டு அம்மாவுக்கோ அவருடைய பாட்டி செய்த என்சிலாடா என்கிற மெக்ஸிகன் சாப்பாட்டை. அதனால்தான் கரம் மசாலா போடலாமா, இஞ்சி பூண்டு விழுது சேர்க்கலாமா என்று கேட்கிறவர்களிடம் வேண்டாம் என்கிறேன். நமக்கு வேண்டிய வாசம் ஏற்கெனவே இதில் இருக்கிறது. பட்டையும் கிராம்பும் சேர்ந்தால் இது வேறு ஒன்றாகிவிடும், இந்த ஊர்க்காரர்கள் இத்தனை வருஷம் சமைத்த சமையலாக இருக்காது.

அடுத்தது டார்ட்டியா, சப்பாத்தி மாதிரி மெல்லிய ரொட்டி. மக்காச்சோள டார்ட்டியா மட்டும்தான், மைதா டார்ட்டியா இதில் களியாகிவிடும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்த மாவில் செய்வது இது. அந்தச் சுண்ணாம்புதான் இதற்குத் தனி வாசத்தையும் மாவு உடையாமல் ஒட்டி நிற்கிற தன்மையையும் கொடுக்கிறது. முதல் தடவை செய்தபோது பொட்டலத்திலிருந்து எடுத்து அப்படியே அடுக்கினேன், வெட்டும்போது கரண்டியில் கூழாக வந்தது. பக்கத்து வீட்டு அம்மா, அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்தான், பார்த்தவுடனே கேட்டார், டார்ட்டியாவை எண்ணெயில் காட்டினாயா என்று. அன்றிலிருந்து தோசைக்கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் வாட்டுகிறேன். பாருங்கள், நடுவில் சின்னச் சின்னதாக உப்பி, ஓரம் கொஞ்சம் விறைப்பாகி, அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுகிறது. இந்தப் பதம். அப்பளம் மாதிரி மொறுமொறுப்பாக்க வேண்டாம், ஆனால் வளைத்தால் தொய்ந்து விழவும் கூடாது. பன்னிரண்டும் முடிய ஏழெட்டு நிமிஷம் ஆகும், மற்ற எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள். ராத்திரி முழுக்கக் குழம்பில் ஊறப்போகிறதே!

சீஸ் இரண்டு கப், செடார் பாதி, மான்ட்டரே ஜாக் பாதி. துருவி வைத்த பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க மாவுப்பொடி தூவியிருப்பார்கள், உருகினாலும் இழைந்து வராது. கட்டியாக வாங்கித் துருவுங்கள்.

அடுக்குவது சுலபம். 13-க்கு 9 அங்குலத் தட்டு, அடியில் ஒரு கரண்டி குழம்பு, பிறகு கிழித்த டார்ட்டியா, கோழி, குழம்பு, சீஸ், இப்படி மூன்று அடுக்கு. கடைசி சீஸைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுங்கள், அது நாளைக்கு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கோழிக்குப் பதில் கருப்பு பீன்ஸ் இரண்டு டப்பா, கழுவி வடிகட்டி, ஒரு கப் மக்காச்சோள மணி. ஸ்டாக்கையும் காய்கறி ஸ்டாக்காக மாற்றிக்கொள்ளுங்கள். மசித்த பீன்ஸ் டப்பா வாங்கினால் லேபிளைப் படியுங்கள், சிலவற்றில் பன்றிக் கொழுப்பு இருக்கும். என் நண்பன் ஒருவன் அது தெரியாமல் பல மாதம் சாப்பிட்டுவிட்டு மனம் நொந்துபோனான்.

ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில். நாளை பார்க்கலாம்.

இன்று செவ்வாய், மணி நாலு ஐம்பது. நாலரைக்கே தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டேன், கண்ணாடித் தட்டாக இருந்தால் இதை மறக்கவே கூடாது. போன வருஷம் ஒரு நாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தட்டை நேராகச் சூடான ஓவனில் வைத்தேன், ஐந்தாவது நிமிஷம் வெடிச்சத்தம், திறந்தால் தட்டு இரண்டாகப் பிளந்து குழம்பெல்லாம் ஓவன் தரையில். அன்றைக்கு என் மனைவி பிரெட் டோஸ்ட் சாப்பிட்டுவிட்டுத்தான் டியூட்டிக்குப் போனாள், எனக்கு ராத்திரி முழுக்க மனசு கேட்கவில்லை. உலோகத் தட்டு என்றால் இந்தப் பயம் இல்லை.

350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 175 செல்சியஸ் பக்கம். ஃபாயில் மூடி முப்பத்தைந்து நிமிஷம், எடுத்துவிட்டு மீதி சீஸைத் தூவிப் பத்து நிமிஷம். ஓரத்தில் குமிழ் விட்டுக் கொதிக்க வேண்டும், நடுவிலும் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பத்து நிமிஷம் தொடாதீர்கள். பிள்ளைகள் கரண்டியோடு வந்து நிற்பார்கள், அந்த நேரத்தில் அவர்களைக் கொத்தமல்லி ஆயவும் எலுமிச்சை பிழியவும் வைத்துவிடுவேன்.

மணி ஐந்தே முக்கால். பெரியவள் தட்டு எடுத்து வைக்கிறாள், சின்னவன் ஓரத்துத் துண்டுதான் வேண்டும் என்கிறான், அந்த மொறுமொறு சீஸ் ஓரத்துக்கு எங்கள் வீட்டில் எப்போதும் போட்டி. வெட்டுகிறேன் பாருங்கள், துண்டு துண்டாக நிற்கிறது, அடுக்கு மூன்றும் தெரிகிறது. ஒரு துண்டை இப்போதே டப்பாவில் போட்டுவிடுகிறேன், ராத்திரி இரண்டு மணிக்கு என் மனைவிக்கு இடைவேளை, அங்கே மைக்ரோவேவ் இருக்கிறது. சரி, கேமராவை அணைக்கிறேன், அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.