வாசலில் வாசித்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். இசை எந்தத் துயரத்தையும் ஆற்றும் என்று மேடைதோறும் பேசுகிறோம். நானும் வயலின் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன்தான். ஆனாலும் அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆஷ்விட்ஸ் ஞாபகம் வந்துவிடும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்துவைத்திருந்த போலந்தில் நாஜிகள் நடத்திய வதைமுகாம் அது. அங்கே கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம் பேர், பெரும்பாலும் யூதர்கள். அதே இடத்தில், கைதிகளை வைத்தே இசைக்குழுக்களும் நடந்தன.

எதற்கு? பள்ளிக்கூட அணிவகுப்பில் டிரம் அடித்தால் வரிசை கலையாது இல்லையா, அதற்குத்தான். காலையில் ஐந்தைந்து பேராக வேலைக்குப் போகும் கைதிகள் தாளத்துக்குக் கால் வைத்தால், வாசலில் எண்ணுகிற காவலர்களுக்குச் சுலபம். மாலையில் செத்தவர்களையும் தூக்கிக்கொண்டு திரும்புவார்கள். அப்போதும் அதே மார்ச் இசை. ஞாயிற்றுக்கிழமை அதிகாரிகளுக்குக் கச்சேரி வேறு.

எஸ்தர் பெஜரானோவின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1943-இல், ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவின் பெண்கள் முகாமில் கல் சுமந்துகொண்டிருந்த 18 வயதுப் பெண். அங்கே புதிதாக ஓர் இசைக்குழு தொடங்குகிறார்கள். "எனக்குப் பியானோ வரும்" என்று போய் நிற்கிறார். குழுவை நடத்திய சோஃபியா சைகோவ்ஸ்கா என்ற போலந்துக் கைதி, பியானோ இல்லை, அக்கார்டியன் தெரிந்தால் பார்க்கலாம் என்கிறார். எஸ்தர் அதை அதுவரை தொட்டதே இல்லை. ஆனால் "தெரியும்" என்கிறார்.

அக்கார்டியன் பார்த்திராதவர்களுக்காக: தோளில் மாட்டிக்கொள்ளும் பெட்டி. வலக்கைக்குப் பியானோ மாதிரிக் கட்டைகள், இடக்கைக்குச் சின்னச் சின்னப் பொத்தான்கள், நடுவில் துருத்தி. வலக்கை பயமில்லை. இடக்கைப் பொத்தான்கள்தான் சிக்கல், வாசிக்கிறவர் கண்ணுக்கே படாது. 'பெல் அமி' என்று அன்றைக்குப் பிரபலமான ஒரு ஜெர்மன் சினிமாப் பாட்டை வாசிக்கச் சொன்னார்கள். எஸ்தர் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி, காதை மட்டும் நம்பித் தேடினார். சி மேஜர் என்ற சுரக்கூட்டு அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றையும் கண்டுபிடித்து வாசித்தார், சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பொத்தான் அகப்படாமல் போயிருந்தால் மறுநாளும் கல்தான். 2021 வரை வாழ்ந்தார் அந்த அம்மா. 90 வயதுக்கு மேலும் ஒரு ராப் குழுவோடு மேடையேறிப் பாடினார், கேட்டுப்பாருங்கள்!

சரி, அவரைக் காப்பாற்றியது இசையா? இசை தெரிந்ததால் கிடைத்த வேலை என்பேன் நான். சோஃபியாவுக்கு அப்புறம் அந்தக் குழுவை நடத்தியவர் ஆல்மா ரோஸே என்ற வயலின் கலைஞர், அவரும் கைதிதான். தந்தை வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் முதல் வயலின் கலைஞர், தாய்மாமன் புகழ்பெற்ற இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலர். சுருதி பிசகினால் விடமாட்டார். செலோ வாசித்த அனிதா லாஸ்கர், சரியாக வாசிக்காததற்காக ஒரு வாரம் மண்டியிட்டுத் தரை துடைத்திருக்கிறார். கொடுமையாகத் தெரியும். ஆனால் குழு மோசமாக வாசித்தால் அது கலைக்கப்படும், கலைக்கப்பட்டால் எல்லோர் கதையும் முடியும். ஆல்மா 1944 ஏப்ரலில் முகாமிலேயே நோயில் இறந்தார். அனிதா உயிர் பிழைத்து லண்டன் போய் இசைக்கலைஞராகவே வாழ்ந்தார்.

வாசித்தவர்களுக்கு வேலை. கேட்டவர்களுக்கு? புதிதாக ரயிலில் வந்தவர்கள் இசையைக் கேட்டுக் கையசைத்தார்களாம். இசை இருக்கிற இடம் அவ்வளவு மோசமாக இருக்காது என்று நினைத்தார்கள் போல. இதை நினைத்துத்தான் எஸ்தர் கடைசிவரை வேதனைப்பட்டார். ஆண்கள் குழுவை நடத்திய ஷிமோன் லாக்ஸ் இன்னொன்றை எழுதியிருக்கிறார். 1943 கிறிஸ்துமஸுக்குப் பெண்கள் மருத்துவமனையில் போய்ப் பாட்டு வாசிக்க உத்தரவு. வாசித்தார்கள். நோயாளிகள் முதலில் அழுதார்கள், பிறகு கத்தினார்கள்: போய்விடுங்கள், எங்களை நிம்மதியாகச் சாகவிடுங்கள். இசை அங்கே யாரையும் தேற்றியதாக லாக்ஸ் ஒப்புக்கொள்ளவே இல்லை. நான் அவர் கட்சி.

கடைசியாக, செக் நாட்டில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசியென்ஸ்டாட் முகாம் பற்றிப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருக்குகிறது. அங்கே கைதியாக இருந்த ஹான்ஸ் கிராஸா இசையமைத்த 'புருண்டிபார்' என்ற குழந்தைகள் இசைநாடகம் அங்கே 55 முறை நடந்தது. 1944 ஜூனில் பார்வையிட வந்த செஞ்சிலுவைச் சங்கத்தாருக்கும் அதைப் போட்டுக்காட்டினார்கள். சில மாதங்களில் கிராஸாவையும் நடித்த பிள்ளைகளில் பெரும்பாலோரையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். அந்த நாடகத்தைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும். நிலையத்தார் மறுபடி கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.