காலநிலைக்காக எழுதுதல்

நேயர்களுக்கு வணக்கம். பட்டப்படிப்பை முடித்த கையோடு எழுத்துப் பணிக்கு வந்தவள் நான். நான் எழுதுவதில் பெரும்பகுதி காலநிலை மாற்றத்தைப் பற்றியது என்பதால், கட்டுரை எழுதினால் காற்றில் கலந்த கரியமில வாயு குறைந்துவிடுமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

அதற்கு விடையாக, பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் நடந்ததைச் சொல்வேன். அங்கே சட்டம் பயின்ற 27 மாணவர்கள், காலநிலையைக் காக்கும் சட்டக் கடமை நாடுகளுக்கு உண்டா என்று சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்க வேண்டுமென 2019ஆம் ஆண்டில் தங்கள் வட்டாரத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அக்கோரிக்கையை வனுவாட்டு அரசு ஏற்றது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பின்றி ஒருமித்து அக்கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம், அத்தகைய கடமை உண்டு என்றும், அதை மீறும் நாடு இழப்பீடு தரவும் நேரலாம் என்றும் கருத்துரைத்தது. அது நாடுகளைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அன்று. ஆயினும், உலகெங்கும் வழக்காடுவோர் எடுத்துக்காட்டத்தக்க வலுவான ஆதாரம். அந்த மாணவர்கள் தங்கள் தவிப்பை, ஒரு மன்றம் விடை சொல்லியே தீர வேண்டிய கேள்வியாக வடித்தார்கள். அந்தத் திறமையே என்னை ஈர்க்கிறது.

அப்படி எழுதுவதற்கு உணர்ச்சியோடு கணக்கும் வேண்டும். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் அளவீடு தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420ஐக் கடந்துவிட்டது. ஒரு நாள் வெயிலைக் காட்டிக் காலநிலையை நிறுவ முயல்பவரை, மறுநாள் பெய்யும் மழையே மறுத்துவிடும். பல பத்தாண்டுப் பதிவுகளை அவ்வாறு மறுக்க இயலாது. உலகமே அழியப்போகிறது என்று எழுதுவதையும் நான் ஏற்பதில்லை. வெப்ப உயர்வில் தவிர்க்கப்படும் ஒவ்வொரு பத்தில் ஒரு பாகை அளவும் பாதிப்பைக் குறைக்கும் என்றே அறிவியல் சொல்கிறது. அச்சுறுத்தும் எழுத்தோ வாசகரைக் கைவிரிக்கச் செய்துவிடுகிறது.

எழுத விரும்பும் இளையோர் தங்கள் பகுதியில் வரவிருக்கும் திட்டம் ஒன்றிலிருந்தே தொடங்கலாம். அதன் சுற்றுச்சூழல் அறிக்கையை முழுவதும் படியுங்கள். அதில் உமிழ்வுக் கணக்கு, அதாவது அத்திட்டம் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடும் என்ற கணக்கு, விடுபட்டிருந்தால், எந்தப் பக்கத்தில், எது விடுபட்டது என்று குறிப்பிட்டு, முடிவெடுக்கும் அதிகாரிக்கு, மக்கள் கருத்துக் கேட்பு முடிவதற்குள் எழுதி அனுப்புங்கள்.