மீதி: பாக்

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், திருவிழாக் கடைவீதியை விட்டுவிட்டு இந்தப் பந்தலுக்குள் வந்து அமர்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

ஓர் இசைக்கலைஞரை நமக்கு உண்மையாகக் காட்டுவது அவருடைய மிகச் சிறந்த ஆல்பமா, மிக மோசமானது என்று பெயரெடுத்த ஆல்பமா என்பது தலைப்பு. மோசமான ஆல்பமே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ ஆல்பத்தை எடுத்துக்கொண்டு, 1982இல் வெளிவந்த அதன் 9 பாடல்களில் 7 பாடல்கள் அமெரிக்கப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் வந்த கதையை மிக அழகாகச் சொன்னார். அதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பேசி முடித்துப் போகும்போது, “ஊசிப்போன சாம்பாரை ருசி பார்த்தா சமையல்காரரின் கைப்பக்குவத்தைச் சொல்வார்கள்? இந்த அணியினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்” என்று ஒரு கல்லையும் எறிந்துவிட்டுப் போனார். பந்தலே கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லாமல் நான் தலைப்புக்குள் போனால், பயந்து போய்விட்டான் என்பீர்கள். ஆகவே முதலில் சாம்பாரைப் பார்த்துவிடுவோம்.

சாம்பார் ஏன் ஊசிப்போகிறது? அடுப்பிலிருந்து இறக்கும்போது அது நன்றாகத்தான் இருந்தது. தெருவே மணக்கிறது என்று சொல்லித்தான் பந்தியில் ஊற்றினார்கள். நேரம் போகப் போகத்தான் நுரைத்துப் புளித்துப் போகிறது. இன்றைக்கு ஊசிப்போன சாம்பார் நாளை மறுநாள் நன்றாகிவிட்டது என்று எந்த வீட்டிலாவது யாராவது சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் சொல்லட்டும். கிடையாது. அப்படியானால் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் கதையைக் கேளுங்கள்.

1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் டிலன் ‘செல்ஃப் போர்ட்ரெய்ட்’ என்ற இரட்டை ஆல்பத்தை வெளியிட்டார். ஒரு தலைமுறையின் குரல் என்று அமெரிக்க இளைஞர்கள் தோளில் தூக்கிவைத்திருந்த மனிதர், மற்றவர்கள் எழுதிய பழைய பாட்டுகளையெல்லாம் எடுத்துப் பாடி, ‘என் உருவப்படம்’ என்று அதற்குப் பெயரும் வைத்து, தாமே தீட்டிய ஓவியத்தை அட்டையில் போட்டுக் கொடுத்தார். வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் கிரெய்ல் மார்க்கஸ் என்ற விமர்சகர் இது என்ன கண்றாவி என்று கேட்டுத்தான் விமர்சனத்தைத் தொடங்கினார். அவர் எழுதிய அசல் சொல்லை இந்தக் கோயில் பந்தலில் நான் சொல்ல முடியாது. பின்னாளில் டிலனே, தம்மைத் தலைவராகச் சுமக்க வந்த கூட்டம் தம்மை விட்டு விலகட்டும் என்றுதான் அப்படிச் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். இதுதான் எதிரணியின் கணக்கில் ஊசிப்போன சாம்பார்.

ஆனால் 43 ஆண்டுகள் கழித்து, 2013இல், அந்த நாட்களில் பதிவுசெய்து வெளியிடாமல் வைத்திருந்தவற்றை அலங்காரமெல்லாம் நீக்கி ஒரு தொகுப்பாக வெளியிட்டபோது, கேட்டவர்கள் நெகிழ்ந்து போனார்கள். அந்தத் தொகுப்புக்கு உள்ளே வைத்த கட்டுரையை எழுதியவர் யார் தெரியுமா? அதே கிரெய்ல் மார்க்கஸ். கண்றாவி என்று எழுதிய அதே கை. சகோதரி அவர்களே, 43 ஆண்டுகள் கழித்து மணக்கிற சாம்பார் உங்கள் வீட்டில் உண்டென்றால், நான் இப்போதே மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன்.

ஆல்பத்தைச் சாப்பாட்டோடுதான் ஒப்பிட வேண்டும் என்றால் நார்த்தங்காயோடு ஒப்பிடுங்கள். எங்கள் அப்பத்தா நார்த்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி, உள்ளே உப்பை அடைத்து, ஜாடியில் போட்டுத் துணியால் வாயைக் கட்டி வைப்பார். முதல் வாரம் நாக்கில் வைத்தால் கசப்பு உச்சி வரைக்கும் ஏறும். பிள்ளைகள் நாங்கள் துப்பிவிட்டு ஓடுவோம். அப்பத்தா ஒரு வார்த்தை பேச மாட்டார். ஜாடியைக் குலுக்கி வைப்பார், மாடியில் காயப்போடுவார், எடுத்துவைப்பார். அது கறுத்துச் சுருங்கி, பார்க்கவே பிடிக்காத ஒன்றாகிவிடும். ஆனால் வீட்டில் ஒருவர் காய்ச்சலில் விழுந்து, நாக்கில் எதுவுமே ஒட்டாமல், கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறபோது, அப்பத்தா பாயசத்தைத் தேடிப் போகவில்லை. அந்த ஜாடியைத்தான் திறந்தார்.

சாம்பார் முடிந்தது. இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் அப்பா ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தர். ஊரில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது அவருக்கு மனப்பாடம். வீடு வீடாகப் போய்ப் பாக்கி கேட்கிற வேலையில் இருப்பவர் என்பதால், தம் பெயரில் ஒரு பைசா பாக்கி இருக்கக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். மளிகைக் கடையில் சில்லறை இல்லாமல் எட்டணா நின்றுபோனால் அன்று இரவு அவருக்குத் தூக்கம் வராது.

1987ஆம் ஆண்டு, தேவகோட்டைக் கடைவீதியில் பாட்டுப் பதிந்து தரும் கடை ஒன்றில், ஒரு 60 நிமிட வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் அப்பா கொடுத்துவிட்டு வந்தார். இந்தப் பந்தலில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கடைகள் நினைவிருக்கும். பக்கத்துக்கு 7 என்று 14 பாடல்கள். எல்லாம் சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடியவை. பதிந்து முடித்த பிறகு இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இரண்டரை நிமிட நாடா மிச்சமிருந்தது. அந்தக் காலத்தில் மிச்ச நாடாவை வெற்றாக விட்டுக் கொடுப்பது தொழிலுக்கு அழகில்லை. கடைக்காரர் தமக்குப் பிடித்த எதையாவது போட்டு நிரப்பித் தருவார். அந்தக் கடைத் தம்பிக்குப் பிடித்தது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ என்ற ஆல்பம். முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது. அதில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’, அதாவது பாக்கை நான் என் வீட்டில் சந்தித்தேன், என்ற இசையின் தொடக்கத்தை அந்த இரண்டரை நிமிடத்தில் ஏற்றிவிட்டார். ஏற்றியதோடு விடவில்லை. நேர்மையான பிள்ளை. கேசட்டுக்குள் வைக்கும் அட்டையில் 14 பாடல்களையும் பச்சை மையில் வரிசையாக எழுதிவிட்டு, அடியில் ‘மீதி: பாக்’ என்றும் எழுதி வைத்தார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். அட்டையைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். ‘மீதி பாக்கி.’

மறுநாள் காலை, அலுவலகத்துக்குப் போகும் வழியில், சட்டைப்பையில் பத்து ரூபாயோடு கடைமுன் நின்றார். கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். “தம்பி, எனக்கு என்ன பாக்கி?” என்று கேட்டார். “பாக்கி இல்லை ஐயா, பாக்” என்றார் தம்பி. “அதைத்தான் கேட்கிறேன், எவ்வளவு?” என்றார் அப்பா. “பாக் என்பது ஒரு மனிதர் ஐயா. ஜெர்மனிக்காரர்.” அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். கடன் சங்கத்தில் இருபது வருட அனுபவம் பேசியது. “அந்த ஜெர்மனிக்காரருக்கு நான் எதற்குத் தம்பி பாக்கி வைக்கப் போகிறேன்?”

இந்தக் கதை எங்கள் குடும்பத்தில் சொல்லப்படாத கல்யாணமே கிடையாது. அம்மா சொல்லும்போது பத்து ரூபாய் நூறு ரூபாயாகிவிடும். சித்தப்பா சொல்லும்போது, 1750இல் காலமாகிவிட்ட இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக் தேவகோட்டைக் கடையின் முக்காலியிலேயே அமர்ந்திருப்பார். அப்பா அவரிடம் ரசீது கேட்பார். யார் சொன்னாலும் முடிவு ஒன்றுதான். அப்பா பத்து ரூபாயைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, அன்று மாலை முழுக் கேசட்டையும் போட்டுக் கேட்டார். பதினான்காவது பாட்டு முடிந்தது. திடீரென்று ஒரு வயலின் எழுந்து ஓடியது. அப்பா காத்திருந்தார். வயலின் ஓடிக்கொண்டே இருந்தது. பாடுகிறவர் வரவில்லை. நடுவழியில் ‘டக்’ என்று நாடா முடிந்து பொத்தான் மேலே வந்துவிட்டது. “பாட்டுக்காரர் வருவதற்குள் நின்றுவிட்டதே” என்றார்.

எதிரணியினர் இப்போது, அந்த ஆல்பத்தை மோசம் என்று யார் சொன்னது, அதைக் கொண்டாடுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் அப்பா சொன்னார். இளையராஜா போட்டதிலேயே மோசமானது இதுதான் என்று வருடக் கணக்கில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். உலகத்தில் எந்த ஆல்பமும் மோசமான ஆல்பமாகப் பிறப்பதில்லை. ஒன்றைத் தேடி வந்த ஒருவர் வேறொன்றைக் கேட்டு ஏமாந்து போகிற அந்த இடத்தில்தான் மோசமான ஆல்பம் பிறக்கிறது.

லூ ரீட் என்ற அமெரிக்கப் பாடகரும் 1975இல் தம் ரசிகர்களை அப்படித்தான் ஏமாறவைத்தார். ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ என்ற அவருடைய இரட்டை இசைத்தட்டில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கிட்டாரின் இரைச்சல் மட்டுமே இருக்கிறது. பாட்டும் இல்லை, குரலும் இல்லை. நான்காம் பக்கத்தின் கடைசிக் கோடு வட்டமாக மூடப்பட்டிருப்பதால், யாராவது எழுந்துபோய் ஊசியைத் தூக்காத வரை அது முடியவே முடியாது. வாங்கிய பலர் கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். 2002இல் பெர்லினில் ஓர் இசைக்குழு அந்த இரைச்சலை இசைக்குறிப்பாக எழுதி மேடையில் வாசித்தது. ரீடும் கூட நின்று வாசித்தார். எனக்கு இன்றும் அந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்க முடியவில்லை. ஆனால் அவரை ஊரறியச் செய்த பாட்டுகளில் நான் பார்க்காத ஒரு பிடிவாதக்கார மனிதரை அந்த இரைச்சலில் பார்த்தேன்.

இளையராஜாவுக்கு வருகிறேன். 1986இல் அவருக்கு என்ன குறை? வருடத்துக்குப் பல பத்துப் படங்கள். தயாரிப்பாளர்கள் வாசலில் காத்திருக்கிறார்கள். டீக்கடையில், பேருந்தில், கல்யாணப் பந்தலில் அவர் பாட்டுத்தான். அந்தப் பாட்டுகள் ஒவ்வொன்றும் யாரோ கேட்டதால் பிறந்தவை. இயக்குநர் ஒரு காட்சியைச் சொன்னார், கவிஞர் வரி கொடுத்தார், நாம் ரசித்தோம்; ஆகவே அவை நமக்கும் சொந்தம். அப்படிப்பட்டவர் ஒருநாள், யாரும் கேட்காத, பாட்டே இல்லாத ஒரு ஆல்பத்தைச் செய்து, திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜருக்கும் லைப்சிக்கில் வாழ்ந்த பாக்குக்கும் காணிக்கையாக்கினார். பாக் வயலினுக்கு எழுதிய ஒரு முன்னிசையை வி.எஸ். நரசிம்மனின் வயலின் வாசித்துக்கொண்டு போக, அதன் மேல் இளையராஜா தம் இசையை ஏற்றுகிறார். பண்ணைப்புரத்தில் பிறந்த ஒருவர், இருநூறு வருடங்களுக்கு முன் மறைந்தவரை வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்துப் பேசுகிறார். படம் இல்லை, காட்சி இல்லை, பாட்டுக்காரர் இல்லை. ஊர் கொண்டாடிய ஆல்பத்தில் நமக்கு என்ன பிடித்தது என்பதுதான் தெரிகிறது, நடுவர் அவர்களே. அவருக்கு என்ன பிடித்தது என்று தெரிய வேண்டுமானால், நாம் ‘பாட்டுக்காரர் எங்கே’ என்று கேட்ட இடத்துக்குத்தான் போக வேண்டும்.

மணி அடித்துவிட்டீர்கள். இன்னும் இரண்டே நிமிடம் கொடுங்கள்.

மோசம் என்று சொன்ன அப்பா அந்த இரண்டரை நிமிடத்தின் மேல் வேறு பாட்டைப் பதிந்திருக்கலாம். செய்யவில்லை. யாரும் தவறிப்போய்க்கூட எதையும் பதிந்துவிடக் கூடாது என்று கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சிறு தகடுகளையும் கத்திமுனையால் உடைத்து எடுத்துவிட்டார். நாடா சிக்கினால் பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டு அவரே சுற்றுவார். பதினான்காவது பாட்டு முடிந்ததும் நிறுத்தாமல் அந்த வயலினை ஓடவிடுவார். ‘டக்’ என்று நின்றதும், “வந்தாரா பாட்டுக்காரர்?” என்று எங்களைப் பார்த்துக் கேட்டுவிட்டு, எழுந்துபோய்க் கேசட்டைத் திருப்பிப் போடுவார். ஏறத்தாழ பத்து வருடம் இது நடந்தது. பிறகு அந்தப் பெட்டியும் பழுதாகி, கேசட்டும் எங்கோ போய்விட்டது.

அப்பா கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தார். பேச்சு வெகுவாகக் குறைந்துவிட்டது. பழைய பாட்டுகளைப் போட்டால் கேட்கிறாரா தூங்குகிறாரா என்றே தெரியாது. ஒரு பிற்பகலில், என்ன தோன்றியதோ, கைப்பேசியில் அந்த ஆல்பத்தைத் தேடி எடுத்து, அந்த இசையை அவர் தலையணைப் பக்கத்தில் வைத்தேன். வயலின் எழுந்து ஓடியது. கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். இரண்டரை நிமிடம் ஆனபோது, நான் கவனிக்கவே இல்லை, அவர் கவனித்தார். போர்வைக்குள் இருந்த வலது கை மெல்ல வெளியே வந்து, இல்லாத ஒரு பெட்டியின் பொத்தானை அழுத்த நீண்டது. கேசட்டைத் திருப்பிப் போட வேண்டிய இடம் அது.

வயலின் நிற்கவில்லை. கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“இன்னும் பாக்கி இருந்ததா?” என்று கேட்டார்.

“இருந்ததப்பா” என்றேன்.

கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, முடியும் வரை கேட்டார். பாட்டுக்காரர் வந்தாரா என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.