கொடிகளுக்கு நடுவே ஒரு முகம்: நாஜி பிரசாரம் வேலை செய்த விதம்

[திரையில்: பிரிட்டன், அமெரிக்கா, சோவியத் கொடிகள் திரைச்சீலைபோலத் தொங்குகின்றன. இடுக்கில் ஒரு தடித்த மனிதர் எட்டிப் பார்க்கிறார்.]

இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் ஒட்டிய போஸ்டர். வாசகம்: 'எதிரி நாடுகளுக்குப் பின்னால்: யூதன்.' வாஷிங்டன் முதலாளித்துவம், மாஸ்கோ கம்யூனிசம். இரண்டையும் ஒரே ஆள் எப்படி ஆட்டிவைப்பான்? கட்டுரையாக எழுதியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். படத்திலோ மூன்று கொடிகளும் ஒட்டித் தொங்குகின்றன. முரண்பாடு கண்ணில் படுவதற்குள் அந்த முகம் பட்டுவிடுகிறது.

1933-இல் ஜெர்மனியில் யூதர்கள் மக்கள்தொகையில் 1 சதவீதத்துக்கும் குறைவு, அவர்களிலும் பெரும்பாலோர் நகரவாசிகள். யூதரோடு பேசியே பழகாத ஜெர்மானியர் ஏராளம். அவர்களுக்கு யூதர் என்றால் படத்தில் பார்த்தவர்தான்.

[திரையில்: தெருமுனையில் கண்ணாடி முகப்புள்ள பலகைப் பெட்டி]

'டெர் ஷ்ட்யூர்மர்', 1923-இல் யூலியஸ் ஷ்ட்ரைஷர் நியூரம்பெர்கில் தொடங்கிய வாரப் பத்திரிகை. காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். தெருமுனையிலும் பஸ் நிறுத்தத்திலும் இப்படிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருப்பார்கள். பஸ் வரும்வரை நிற்பவர் வேறு எதைப் பார்ப்பார்? முதல் பக்கத்தின் அடியில் வாராவாரம் ஒரே வரி: 'யூதர்களே நமது கேடு.' கார்ட்டூனிலும் வாராவாரம் அதே வளைந்த மூக்கு, உப்பிய கண், தடித்த உதடு. பெயர் போடாமலே ஆள் யாரென்று தெரியும்வரை ஒரே அச்சில் வரைந்தார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கு வெளிநாட்டவர் வந்தபோது பெட்டிகளைக் கழற்றி ஒளித்தார்கள். தெரிந்தேதான் செய்தார்கள்.

[திரையில்: தாடியும் நீள அங்கியுமாக ஒருவர், அதே முகம் மழித்து, கோட்டு சூட்டில்]

1940-இல் வந்த 'நிரந்தர யூதன்' என்ற 'ஆவணப்பட'த்தில் உள்ள உத்தி இது. போலந்தைப் பிடித்த கையோடு லோட்ஸ் நகருக்குக் கேமராவை அனுப்பி, எதிர்த்துப் பேச முடியாத நிலையில் இருந்தவர்களைப் படம் பிடித்தார்கள். கூட்டமாக ஓடும் எலிகளைக் காட்டி, உடனே மனிதர்களுக்கு வெட்டுவதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு இந்த முகமாற்றம்தான் அதைவிட விஷமாகப் படுகிறது. தாடி வைத்தவரை மட்டுமல்ல, உங்களைப் போலவே உடுத்தி, உங்கள் மொழி பேசும் அடுத்த வீட்டு டாக்டரையும் சந்தேகி என்கிறது அது.

ஆனால் படம் ஓடவில்லை. அருவருப்பைக் காசு கொடுத்துப் பார்க்க ஆள் வரவில்லை.

ஓடியது அதே ஆண்டு ஃபைட் ஹார்லான் இயக்கிய 'யூத் ஸ்யூஸ்'. 18-ஆம் நூற்றாண்டு அரண்மனை, பட்டாடை, நட்சத்திர நடிகர்கள், யூத அதிகாரியால் சீரழியும் ஒரு பெண். அழுதுகொண்டே பார்த்தவர்கள் அதைப் பிரசாரமாக நினைக்கவில்லை. சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள். நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையினரும் போலீசாரும் பார்த்தாகவேண்டும் என்று, இரண்டுக்கும் தலைவரான ஹிம்லர் உத்தரவே போட்டார்.

போர் முடிந்தபின், பத்திரிகை நடத்திய ஷ்ட்ரைஷரை 1946-இல் நியூரம்பெர்கில் தூக்கிலிட்டார்கள். ஹார்லானை ஹாம்பர்க் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். 1949-இலும் 1950-இலும் விடுதலையானார். மறுபடி படம் எடுக்கப் போனார்.