அந்தக் குன்று எப்படி?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முதற்பனி நிலத்தில் தங்கத் தொடங்கியதும் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். "அண்ணை, புளூ மவுண்டன் பனிச்சறுக்குக் குன்று எப்படி? சின்னப் பிள்ளைகளோடு போகலாமோ?" கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் உள்ள ஒரு தமிழ்ப் பள்ளியின் பெற்றோரையும் பிள்ளைகளையும் 2006ஆம் ஆண்டு முதல், பெருந்தொற்றுக் காலம் நீங்கலாக, ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவதொரு பனிச்சறுக்குக் குன்றுக்கு அழைத்துச் சென்று வருகிறவன் என்பதால், என்னிடம் விடை இருக்கும் என்று அழைப்பவர்கள் நம்புகிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு விடையன்று. மூன்று கொப்பிகள் நிறைய விடைகள் இருக்கின்றன. திரும்பி வரும் பஸ் வண்டியில் ஒவ்வொரு குடும்பத்திடமும் "எப்படி இருந்தது?" என்று கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வது என் வழக்கம். குன்றைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் குன்றைப் பற்றிச் சொல்வதில்லை, அன்றைய நாளைப் பற்றியும் தங்கள் கால்களைப் பற்றியுமே சொல்கிறார்கள் என்பதுதான் அந்தக் கொப்பிகளிலிருந்து நான் கண்டது. அதைச் சற்று விரித்துச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதற் கொப்பியில் ஒரு பக்கம் இருக்கிறது. ஒரே நாள், ஒரே குன்று, பஸ்ஸில் முன்னும் பின்னுமாக இருந்த இருவர். "இதை மலை என்று சொல்ல வெட்கமில்லையா, இது வெறும் மேடு" என்றார் பின்னால் இருந்தவர். "ஐயோ, உச்சியிலிருந்து கீழே பார்க்கவே தலை சுற்றிவிட்டது" என்றார் முன்னால் இருந்த தாய். மேடு என்றவர் சில ஆண்டுகள் வன்கூவரில் இருந்தவர்; அங்கிருந்து போகக்கூடிய விஸ்லர் என்னும் பனிச்சறுக்கு ஊரில் பிளாக்கோம்ப் மலையின் உச்சிக்கும் அடிக்கும் இடையே 1,600 மீற்றர் உயரம். புளூ மவுண்டனில் அது ஏறக்குறைய 220 மீற்றர். அந்தத் தாயோ தட்டையான யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பு வழியாக நேரே ரொறன்ரோவின் அடுக்குமாடிக்கு வந்தவர். இருவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் அடுத்த ஆண்டு போகவிருக்கும் ஒருவருக்கு, சொன்னவர் யார் என்று தெரியாவிட்டால், இந்த இரண்டு கருத்துகளாலும் ஒரு பயனும் இல்லை.

அந்த 220 மீற்றர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். புளூ மவுண்டன் என்று பெயர் இருந்தாலும் அது மலையன்று; நயாகரா நீர்வீழ்ச்சி எந்தப் பாறை விளிம்பின் மேலிருந்து விழுகிறதோ, அதே விளிம்பு வடக்கே நீண்டு ஜோர்ஜியன் குடாவின் ஓரத்தில் எழுந்து நிற்கும் இடம். ரொறன்ரோவிலிருந்து பாரி வழியாகக் கொலிங்வூட் நோக்கிச் சென்றால், வீதி நல்லபடி இருக்கும் நாளில் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஜோசோ வைடர் என்பவர் 1941இல் அங்கே பனிச்சறுக்கு நிலையத்தைத் தொடங்கினார். அவரே பிற்காலத்தில் அங்கு ஒரு மட்பாண்டத் தொழிலையும் நடத்தினார். பச்சை நிறம் வழிந்து இறங்கும் அந்தச் சாடிகளை இன்றைக்கும் பழம்பொருட் கடைகளில் காணலாம், என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, அதில் அகப்பைகள் நிற்கின்றன. அடிவாரத்தில் இன்று காணும் கடைகளும் விடுதிகளும் சேர்ந்த கிராமம், 1999இல் இன்ட்ராவெஸ்ட் நிறுவனம் பங்குதாரராக வந்த பிறகு எழுந்தது.

அதே விளிம்பில் அருகருகே வேறு பல சரிவுகளும் இருக்கின்றன. கிரேக்லீத், ஒஸ்லர் பிளஃப், அல்பைன் என்று பெயர் கொண்ட அவை உறுப்பினர்களுக்கான தனியார் கழகங்கள். நானும் நீங்களும் வாசலில் சீட்டு வாங்கி நுழைய முடியாது. எனவே உறுப்பினர் அல்லாத பெருநகர மக்கள் அந்தப் பக்கத்தில் போவதற்கு இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு குன்றுதான். இது தெரிந்தால், கூட்டத்தைப் பற்றிய கருத்துகளை வேறு விதமாக வாசிப்பீர்கள்.

கூட்டம் என்றதும் நாள் வருகிறது. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2008ஆம் ஆண்டிலிருந்து பெப்ரவரியின் மூன்றாவது திங்கட்கிழமை குடும்ப தினம் என்னும் விடுமுறை நாள். குடும்பத்தோடு எங்கேயாவது போக வேண்டும் என்று அரசே சொல்லிவிட்ட நாளில் எல்லாக் குடும்பங்களும் போகின்றன. அந்த ஆண்டே நாங்களும் போனோம். எந்தக் குன்று என்பது வேண்டாம், எந்தக் குன்றாக இருந்தாலும் அன்று அப்படித்தான் இருந்திருக்கும். என் கொப்பியில் அன்றைய பக்கத்தில் சறுக்கு என்ற சொல் இரண்டு முறைதான் வருகிறது. வரிசை என்ற சொல் பதினொரு முறை வருகிறது. அதே குன்றுக்கு மறு ஆண்டு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பள்ளியில் ஆசிரியர் பயிற்சி விடுமுறை கிடைத்தபோது போனோம். உச்சிக்கு ஏற்றிச் செல்லும் தொங்கு கதிரையில் ஏற ஆளே இல்லை, பிள்ளைகள் இறங்கிய வேகத்தில் மறுபடியும் ஏறினார்கள். ஆகவே யாராவது "நல்ல இடம்" என்றோ "போகவே கூடாது" என்றோ சொன்னால், தயவுசெய்து எந்தக் கிழமை என்று கேளுங்கள். இதை நான் மறுபடியும் சொல்வேன்.

அடுத்தது, "பனி நன்றாக இல்லை, எல்லாம் ஐஸ்" என்ற முறைப்பாடு. ஒன்ராறியோவின் குன்றுகளைப் பற்றி இதைப் போல் அடிக்கடி கேட்கும் கருத்து வேறில்லை. குடாவின் மேல் வடமேற்குக் காற்று வீசும்போது திறந்த நீரிலிருந்து ஈரத்தை அள்ளி வந்து விளிம்பில் பனியாகக் கொட்டுவது உண்மைதான். ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு பருவத்தை நடத்த முடியாது. எனவே இரவிலே பீரங்கி போன்ற இயந்திரங்கள் நீரை நுண்துளிகளாகத் தெளித்துப் பனியாக்குகின்றன. துளி நிலத்தைத் தொடுமுன் உறைய வேண்டும் என்பதால், குளிரோடு காற்று வறண்டும் இருக்க வேண்டும். ஈரக்காற்றாக இருந்தால் சுழியப் பாகையில் ஒன்றும் நடவாது, அதற்கும் கீழே சில பாகை இறங்க வேண்டும். வானத்திலிருந்து விழும் பனி ஆறு கைகள் விரித்த பூவாக வருகிறது. இயந்திரப் பனி சிறு உருண்டையாக வருகிறது. பூக்களுக்கிடையே காற்று நிற்கும், உருண்டைகள் நெருக்கமாகப் படியும். நம் வீட்டில் பொரியையும் அரிசியையும் ஒரே சுண்டில் அளந்து பார்த்தால் எது கனம் என்று தெரியுமல்லவா, அதே கதைதான். கனமான அந்தப் பனி இறுகி நிற்கிறது, மழை வந்தாலும் எளிதில் கரைந்து போவதில்லை, அதனால்தான் பங்குனி விடுமுறை வரைக்கும் சரிவு வெள்ளையாக இருக்கிறது. அதே காரணத்தால்தான் விழுந்தால் நோகிறது. ஒரே குணத்துக்கு ஒருவர் நன்றி சொல்கிறார், மற்றவர் முறைப்பாடு சொல்கிறார்.

இதில் நேரமும் சேர்ந்துகொள்கிறது. இரவு முழுவதும் பெரிய வண்டிகள் சரிவைக் கீறி மட்டம் செய்து, காலையில் பார்த்தால் சீப்பால் வாரிய தலைபோல் வரிவரியாக விட்டுச் செல்கின்றன. பகல் முழுவதும் அந்த மேற்படையைச் சறுக்குவோர் சுரண்டி ஓரத்துக்குத் தள்ளிவிடுவதால், மாலை மூன்று மணிக்குமேல் நடுவில் பளபளவென்ற இறுகிய அடிப்படைதான் மிஞ்சும். காலை ஒன்பது மணிக்கு வந்து மதியத்தோடு திரும்பியவரும் மதியத்துக்குப் பிறகு வந்தவரும் வெவ்வேறு குன்றில் சறுக்கியவர்கள் என்றே நான் கணக்கெடுப்பேன்.

இனி, நான் உண்மையில் பேச விரும்பிய விடயத்துக்கு வருகிறேன். சப்பாத்து. என்னைத் தெரிந்தவர்கள் இப்போது வானொலிக்கு முன்னால் சிரிப்பார்கள், "தொடங்கிவிட்டார்" என்பார்கள். சிரிக்கட்டும்.

2011ஆம் ஆண்டு தை மாதத்தில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு குன்றுக்கு அக்காவின் குடும்பமும் எங்கள் குடும்பமும் சேர்ந்து போனோம். மருமகனுக்கு எட்டு வயது, என் மகளுக்கு ஏழு. இருவரும் ஒரே வகுப்பில், ஒரே பயிற்றுநரிடம், ஒரே சரிவில் கற்றார்கள். மாலையில் மகள், "அப்பா, நாளைக்கும் வரலாமா?" என்று கேட்டாள். மருமகன் பஸ்ஸில் அழுதுகொண்டிருந்தான். அக்கா சொன்னதைக் கொப்பியிலிருந்தே வாசிக்கிறேன்: "இனி இந்த இடத்தின் வாசற்படியும் மிதிக்க மாட்டேன். வாடகைக்குச் சப்பாத்துக் கொடுக்கிறவர்களுக்குப் பிள்ளைகளின் கால் தெரியவில்லை. பிள்ளையின் கால் விறைத்துப் போய்விட்டது."

வீட்டுக்கு வந்து அவனுடைய கால்களைத் துடைத்துச் சூடேற்ற உட்கார்ந்தபோது, நான் ஒவ்வொரு மேஸாகக் கழற்றினேன். முதலாவது கழன்றது. இரண்டாவது, பெரியம்மா பின்னிக் கொடுத்த தடித்த கம்பளி மேஸ், கழன்றது. மூன்றாவது கழன்றது. அதற்கும் உள்ளே இன்னொன்று இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். காலையில் மூன்று சோடி போட்டுவிட்டதாகவும், மதியம் ரோல்ஸ் சாப்பிட வந்த பிள்ளை "கால் குளிருது அம்மா" என்று சொன்னதால் பையில் இருந்த நான்காவதையும் மாட்டிவிட்டதாகவும் அவர் சொன்னார். அன்பினால் செய்ததுதான், நம் தாய்மாரில் யார்தான் அப்படிச் செய்ய மாட்டார்கள்?

ஆனால் பனிச்சறுக்குச் சப்பாத்து தோற்சப்பாத்து அன்று. அது விரிந்துகொடுக்காத, பிளாஸ்ரிக்கால் ஆன கடினமான ஓடு. அதற்குள் மேஸ் மேல் மேஸாகத் திணித்தால் காலை நசுக்கி இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறோம், சூட்டைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய காற்றையும் வெளியேற்றிவிடுகிறோம். விரல்களுக்குச் சூடு கொண்டுவருவது இரத்தந்தான். மூன்று சோடி போட்டதால் கால் குளிர்ந்தது. குளிர்ந்ததால் நான்காவது போடப்பட்டது. போட்டதால் இன்னும் குளிர்ந்தது. ஒரு சோடி மட்டும், மெல்லியது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வரும் நீளம், உள்ளே மடிப்பில்லாமல். காற்சட்டையின் ஓரத்தையும் சப்பாத்துக்குள் சொருகக் கூடாது. அக்காவை இதற்கு இணங்கவைக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. 2013இல் அதே குன்று, அதே வாடகைக் கூடம், பையன் பத்து வயது. அன்றைய பக்கத்தில் அக்காவின் வாக்கு: "நல்ல இடம். ஆட்களும் பண்பானவர்கள். பார்த்துப் பார்த்துச் சப்பாத்துக் கொடுத்தார்கள்." இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்து அவரிடம் காட்டினேன். அக்கா ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

சப்பாத்தோடு சேர்ந்த இன்னொன்று. வாடகைக்கு எடுக்கும்போது நிறை, உயரம், வயது எல்லாம் கேட்டு ஒரு படிவம் தருவார்கள். விழும்போது சறுக்குமட்டை காலிலிருந்து எந்த அழுத்தத்தில் கழன்றுவிட வேண்டும் என்பதை அந்த எண்களை வைத்துத்தான் திருகி வைக்கிறார்கள். எங்களோடு வந்த ஒரு நண்பர், அருகில் மனைவி நின்றதாலோ என்னவோ, தம் நிறையில் இருபது இறாத்தலைக் குறைத்து எழுதினார். திரும்பும் இடமெல்லாம் மட்டை கழன்று விழுந்தது. "பழைய சாமான்களைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள்" என்பது அவருடைய கருத்து. அதையும் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். கூட்டி எழுதியிருந்தால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் முறுகியிருக்கும், அது இதைவிட மோசம்.

சறுக்காதவர்களின் கருத்தையும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. குடும்பமாகப் போகும் இடத்தில் பாதிப் பேர் பைகளுக்குக் காவல் இருப்பவர்கள். கண்ணாடிச் சாளரத்துக்கு அருகே இருக்கை உண்டா, கழிவறைக்குப் படி இறங்க வேண்டுமா, கொண்டுபோன சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட இடம் தருவார்களா என்பவை அவர்களுக்குச் சரிவின் சாய்வைவிட முக்கியம். ஒரு முறை எங்களோடு வந்த எழுபத்தாறு வயது அம்மம்மா ஒருவர் நாள் முழுவதும் சாளரத்தோரம் இருந்துவிட்டுச் சொன்னார்: "விழுகிற பிள்ளைகள் எல்லாம் சிரிக்குதுகள் தம்பி, நிற்கிற பிள்ளைகள்தான் அழுதுகள்." தொடக்கச் சரிவில் முறை வரக் காத்துக் குளிரில் நின்ற பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகுதான், ஒரு வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள், தொடக்கச் சரிவில் பிள்ளைகளை நின்றபடியே மேலே கொண்டுபோகும் நகரும் பட்டை எத்தனை இருக்கிறது என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்கத் தொடங்கினேன். அந்த நகரும் பட்டையைப் பற்றித் தனியாகவே பேசலாம். பிள்ளைகளிடம் எது பிடித்தது என்று கேட்டால், நாங்கள் இவ்வளவு காசு கொடுத்த மலையைச் சொல்லாமல் அந்தப் பட்டையையும் சூடான சொக்லேற்றையும்தான் சொல்கிறார்கள்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம் போலும். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் குடும்பங்களுக்கென்றே பெயர் பெற்ற செர்ஃபௌஸ் என்னும் ஊரைப் பற்றி விரிவாகச் சொல்ல எழுதி வந்தேன். சுவிற்சர்லாந்தில் இருக்கும் என் மைத்துனரின் குடும்பம் அங்கே போய் வந்தது. ஊருக்குள் கார்கள் ஓடக் கூடாது என்பதற்காக 1985இலேயே நிலத்துக்குக் கீழே ஒரு சிறு ரயில் போட்டிருக்கிறார்கள், நான்கு தரிப்பிடங்கள், காற்று மெத்தையின் மேல் மிதந்து கம்பியால் இழுபட்டுப் போகிறது. அவர்களுடைய மகளிடம் மலை எப்படி என்று தொலைபேசியில் கேட்டேன். ரயிலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாள்.

செலவைப் பற்றியும் சொல்ல இருந்தேன். சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் பெரும்பாலும் மலிவு. முதல்முறை போகிறவர்களுக்குப் பாடம், வாடகை, தொடக்கச் சரிவுச் சீட்டு மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து விற்பதுண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள், முழு மலைக்குமான சீட்டு அன்று தேவைப்படாது. எளிய சரிவிலிருந்து கடினமானது வரை காட்டும் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்ற அடையாளங்கள் அந்தந்தக் குன்றுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். ஓரிடத்துக் கறுப்பை இன்னோரிடத்து நீலத்தோடு ஒப்பிட்டு யாரும் வீரம் பேச வேண்டாம்.

ஒரு விரல் காட்டுகிறார்கள். கிழமையைக் கேளுங்கள். மேஸ் ஒரு சோடி மட்டும். வணக்கம்.